ஐந்தாம் மாடி ஜன்னல்

ராஜா அண்ணாமலைபுரம், சென்னை
நவம்பர் 14

அன்புத் தம்பி சேரனுக்கு,

அக்கா தேவானை எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறோம்.

வீடியோவில் பேசுவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம். போன ஞாயிறு உன் முகத்தைப் பார்த்ததும் அப்பா அழ ஆரம்பித்து, அது இருமலாகி, புரையேறி, ஜோதிலட்சுமி முதுகைத் தட்டித் தட்டித்தான் மூச்சு வந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கு அழுகையும் சிரிப்பும் கட்டுக்குள் நிற்காதாம், டாக்டர் சொல்கிறார். நீயும் எப்போது பார்த்தாலும் தெருவில் நின்றுகொண்டுதான் பேசுகிறாய். அதனால் கடிதமாக எழுது. மெயிலில் வந்தால் நான் வாசித்துக் காட்டுவேன். அவருக்குக் கண் தெரிகிறது, எழுத்துத்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறதாம்.

ஜோதிலட்சுமி, நான் கடையில் இருக்கும் நேரம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிற பெண். அப்பாவின் குழறல் எனக்குப் பாதிதான் விளங்குகிறது. அவளுக்கு முழுதும் விளங்குகிறது. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த நாளுக்குப் பிறகு அவர் கீழே இறங்கவே இல்லை. அங்கே பனி தொடங்கிவிட்டதா என்று தினமும் கேட்கிறார். அதை எழுது.

இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதை அவருக்கு வாசிக்க மாட்டேன். நீயும் இப்படியே எழுது.
———
பொங்கல் கழிந்ததும் ஒரு இரண்டு வாரம் வந்து இருப்பாயா? எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த நாட்களில் அப்பாவோடு வீட்டு மனிதர் ஒருவர் இருக்க வேண்டும்.

உன் அக்கா


வின்னிபெக், கனடா
நவம்பர் 27

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

சேரனின் வணக்கம். நான் நலம். அப்பா மாத்திரையைத் துப்பாமல் விழுங்குகிறாரா?

பனி திங்கட்கிழமை தொடங்கிவிட்டது அப்பா. நம் ஊர் மழை மாதிரி முன்னறிவிப்புக் கொடுத்து, ஜன்னலைத் தட்டிக்கொண்டு வராது. காலையில் எழுந்தால் ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கும். பஸ் சத்தம், செருப்புச் சத்தம் எதுவும் இல்லை. அந்த அமைதியிலேயே தெரிந்துவிடும். என் ஐந்தாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே நிற்கும் கார்களெல்லாம் மாவு மூட்டைகள். ராத்திரியில் காரைக் கரண்டில் சொருகி வைக்கிறார்கள், நாம் போனைச் சொருகுகிற மாதிரி. மறந்தால் மறுநாள் எஞ்சின் இறுகிப்போய் வண்டி கிளம்பாது. குளிர் முற்றிவிட்டால் பனி மிருதுவாகவே இருக்காது. காலடியில் புதுச் செருப்பு மாதிரிக் கிரீச்சிடும்.
———
ஜனவரி முடியாது அக்கா. ஆபீஸில் லீவு என்று வாயைத் திறக்கவே முடியாத நேரம். தவிர அப்போதுதான் புயல் அடிக்கும், ஃபிளைட்டை நம்பி எதுவும் செய்ய முடியாது. பனி குறையட்டும், பார்ப்போம். அப்படி என்ன வேலை?

சேரன்


சென்னை
டிசம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை அப்பா மூன்று முறை வாசிக்கச் சொன்னார். இங்கே புயல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, கடை திறக்கவில்லை. தண்ணீருக்கு முன்பே வந்துவிட்ட ஜோதிலட்சுமியால் திரும்பிப் போக முடியாமல் மூன்று பேரும் மாடியில் அடைந்து கிடந்தோம். அப்போது உன் பனிதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு.

"இன்னாக்கா இது, ஐஸ் பொட்டிக்குள்ளயே குடித்தனம் பண்ணிகினுகீறாரா உன் தம்பி?" என்கிறாள் அவள்.

அப்பாவுக்கு வேறு சந்தேகம். "வெள்ளைங்கான். எந்த வெள்ளைன்னு சொல்லலியே. நம்ம கடையிலயே ஏழெட்டு வெள்ளை கெடக்கே. பால் வெள்ளையா, சந்தன வெள்ளையா, நீலம் போட்ட வெள்ளையா? கேட்டு எழுது." முப்பது வருஷம் தி. நகரில் ரவிக்கைத் துணி மேட்சிங் பார்த்துக் கொடுத்தவர், கேட்கத்தானே செய்வார். எழுதிவிடு. இரண்டு நாளாக என் தொண்டை கம்மியிருக்கிறது, இருந்தாலும் வாசித்துவிடுவேன்.
———
வேலை என்னவென்று வந்தால் சொல்கிறேன். வேறு யாரையும் கேட்க எனக்கு மனமில்லை. சித்தப்பா வீட்டில் கேட்டால் அப்பாவைச் சொந்த ஊருக்கு, திசையன்விளைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடு என்பார்கள். இன்னொரு தரம் யோசித்துப் பார்.

தேவானை


வின்னிபெக்
டிசம்பர் 21

அன்புள்ள அப்பா, அக்கா,

வணக்கம். தண்ணீர் வடிந்துவிட்டதா? சளி பிடித்துக்கொள்ளப் போகிறது, இரண்டு பேரும் வெந்நீர் குடியுங்கள்.

எந்த வெள்ளை என்று பார்ப்பதற்காகவே நின்று பார்த்தேன் அப்பா. விழுந்த அன்றைக்குப் பால் வெள்ளை. வெயில் பட்டால் கண் கூசும், பார்க்க முடியாது. ஆனால் நிழல் விழுகிற இடத்தில் நீலம் போட்ட வெள்ளை. சாயங்காலம் மூன்றரை மணிக்கே சூரியன் சாயும்போது கொஞ்ச நேரம் ரோஸ் கலக்கும். உங்கள் கடையில் அதற்குத் துணி கிடையாது.

நேற்று பஸ்ஸுக்கு நின்றேன். காற்றோடு பனி பக்கவாட்டில் அடிக்கிறது, எதிர்ப்பக்கம் தெரியவில்லை. இமை முடியெல்லாம் உறைந்து மேலும் கீழும் ஒட்டிக்கொண்டது. கையுறையைக் கழற்றி விரலால் இமையைப் பிடித்து உருக்கித்தான் கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற பாட்டியம்மா சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் ஒன்றுமில்லை, பிப்ரவரி வரட்டும்" என்றார். ஆறு உறைந்துவிட்டது. அதன்மேல் பாதை போட்டு ஜனங்கள் நடக்கிறார்கள், சறுக்கி விளையாடுகிறார்கள்.
———
அக்கா, என்னை நம்பி எந்தத் தேதியும் வைத்துக்கொள்ளாதே. விமானங்கள் ரத்தாகிக்கொண்டே இருக்கின்றன.

சேரன்


சென்னை
டிசம்பர் 29

அன்புத் தம்பிக்கு,

சுகம், உன் சுகம் அறிய ஆவல். மார்கழி வந்தாயிற்று. மந்தைவெளியில் காலையில் எல்லாரும் குல்லாவும் மஃப்ளருமாகப் போகிறார்கள். இருபத்திரண்டு டிகிரி! அப்பாவும் குல்லா கேட்டு மாட்டிக்கொண்டு, "அவனுக்குக் குளுருதுல்லா, எனக்கும் குளுரட்டும்" என்கிறார்.

ஆற்றின்மேல் நடக்கிறார்கள் என்றதும் ஜோதிலட்சுமி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பெரும்பாக்கத்துக்கு மாற்றப்படும்வரை அவள் குடும்பம் அடையாற்றுக் கரையில் இருந்தது உனக்குத் தெரியாதே. "எங்க ஆறும் அப்டி கெட்டியா கெடந்திருந்தா, வெள்ளம் வரும்னு சொல்லி எங்கள அங்க கொண்டுபோய் போட்டிருக்க மாட்டாங்கோ இல்லக்கா?" என்றாள்.

அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். "பஸ்ஸுக்கு நின்னானாமே. அவன் கார் என்ன ஆச்சு?"
———
நம் கடையில் வேலை பார்க்கும் நாஸியாவின் தம்பி அஃப்தாப் உங்கள் ஊரில்தான் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் நாலாம் தேதி திரும்புகிறான். நார்த்தங்காய் ஊறுகாயும் உனக்கு ஒரு கம்பளிப் பனியனும் கொடுத்து அனுப்புகிறேன். பழைய முகவரிதானே?

தேவானை


வின்னிபெக்
ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கும் அக்காவுக்கும்,

பொங்கல் வணக்கம். தாமதமாக எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். நான் நலம்.

இங்கே கடுங்குளிர். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். கொதிக்கிற தண்ணீரைச் செம்பில் எடுத்து வானத்தைப் பார்த்து வீசினால் கீழே விழாது அப்பா, புகையாகிப் போய்விடும். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கிற முடி முள்ளாகக் குத்துகிறது. சில நாள் சூரியனுக்கு இருபக்கமும் இன்னும் இரண்டு சூரியன் நிற்கிற மாதிரி ஒளி தெரிகிறது. மூன்று சூரியன் இருந்தும் சூடு மட்டும் இல்லை. இந்த வாரம் முழுக்க ஜன்னலைப் பனி மூடிவிட்டது. விடிந்ததா இருட்டியதா என்றே உள்ளே இருக்கிறவனுக்குத் தெரிவதில்லை. கடிகாரம்தான் சொல்ல வேண்டும்.
———
அஃப்தாப்பை அனுப்ப வேண்டாம் அக்கா. இந்தக் குளிரில் அந்தப் பையன் ஏன் அலைய வேண்டும்? நானே போய் வாங்கிக்கொள்கிறேன். அவன் நம்பரை மட்டும் அனுப்பு.

சேரன்


சென்னை
ஜனவரி 23

சேரனுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். இன்று மேலே எழுத எதுவும் தோன்றவில்லை.
———
அஃப்தாப் உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிட்டான். ஐந்தாம் மாடியில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் இருக்கிறதாம். முன்னால் இருந்தவர் ஆகஸ்டிலேயே காலி செய்துவிட்டார் என்றார்களாம். ஊறுகாய் அவனிடம்தான் இருக்கிறது, அவன் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.

நான் உன்னைத் திட்டப் போவதில்லை. கடையில் நாஸியா இதை என்னிடம் சொல்லிவிட்டு, தானே ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரித் துணியை மடிக்க ஆரம்பித்தாள். நானும் மடித்தேன். என்ன நிறம் மடிக்கிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

நீ எங்கே இருக்கிறாய்? யாரோடு இருக்கிறாய்? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டும் எழுது.

நான் கேட்ட இரண்டு வாரத்தை மறந்துவிடு. வேறு ஏற்பாடு செய்துவிட்டேன்.

அக்கா


வின்னிபெக்
பிப்ரவரி 2

அக்கா,

நானும் கோட்டுக்கு மேலே எதுவும் எழுதவில்லை.
———
உடம்புக்கு ஒன்றும் இல்லை. நம்பு.

ஜூலையில் எங்கள் கம்பெனி இந்த ஊர்க் கிளையை மூடிவிட்டது. என் வேலை அனுமதி அந்தக் கம்பெனியோடு கட்டியது. நீட்டித்துத் தரச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறேன். பதில் வரவில்லை. வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. இருந்தால் வேலை பார்க்கக்கூடாது. ஆனாலும் ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு வெளுக்கிறேன், கணக்கில் வராத ஆளாக. உள்ளே வியர்த்துக் கொட்டும். வெளியே வந்தால் அந்த வியர்வை சட்டையோடு உறையும்.

தங்கியிருப்பது ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில். ஜன்னல் தரையோடு தரையாக இருக்கும். அதைத்தான் பனி மூடிவிட்டது என்று எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான் ஐந்தாம் மாடி ஞாபகம் வந்தது.

ஊருக்கு வந்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். ரங்கநாதன் தெருவில் டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் அப்பா, "எம்மவன் கனடால இருக்கான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். படுத்த படுக்கையிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நீயே ஒருநாள் சொன்னாய். அவரிடம் அது ஒன்றுதான் மிச்சம். அதையும் நான் எப்படிப் பிடுங்குவேன்? சொல்லிவிடாதே.

பனியைப் பற்றி எழுதினதெல்லாம் பொய்யில்லை அக்கா. எழுதுகிற நேரம் மட்டும் அது அழகாகத்தான் இருந்தது.

சேரன்


வின்னிபெக்
பிப்ரவரி 20

அக்கா,

ஏன் பதில் இல்லை? கோபமா? இன்று பொறுக்க முடியாமல் போன் செய்தேன். ஜோதிலட்சுமி எடுத்தாள். நீ எங்கே என்று கேட்டால், "அக்கா பேசக் கூடாதுங்கண்ணா, டாக்டர் சொல்லிக்கிறாரு" என்றாள். எந்த டாக்டர் என்று கேட்டேன். "அய்யோ, உங்களுக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் சொல்லல, வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

நாஸியாவின் நம்பர் அஃப்தாப் கொடுத்தான். அவள்தான் சொன்னாள், கழுத்தில் கட்டி, ஆபரேஷன் என்று. உனக்கு ஆபரேஷன் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? நான் இங்கே மூன்று சூரியனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேனே.

எப்படி இருக்கிறாய்? எழுத முடிந்தால் எழுது. வெறும் புள்ளி வைத்து அனுப்பினாலும் போதும்.

சேரன்


சென்னை
பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

பயப்படாதே, தேறிவிட்டேன். தைராய்டில் கட்டி. நவம்பரிலேயே எடுக்கச் சொன்னார்கள், நான்தான் தள்ளிப்போட்டேன். எடுத்துப் பரிசோதித்தாயிற்று, அஞ்ச வேண்டியதில்லை என்கிறார்கள். குரல்தான் எழும்பவில்லை. காற்று மட்டும் வருகிறது. சில வாரத்தில் வருமாம். கடையில் ஜாடை காட்டித்தான் வியாபாரம்.

அப்பாவிடம் துணி எடுக்க சூரத் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். நாஸியா வீட்டில் வந்து தங்கினாள். ஜோதிலட்சுமி தன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து இருந்தாள். நீ வந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருப்பாயோ, தெரியாது. கழுத்தில் கட்டோடு நான் திரும்பி வந்ததும் அப்பா பார்த்தார். சூரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். முதலில் ரோஷம். காரணம் சொல்லாமல் கேட்டாலே வருகிறவன்தான் தம்பி என்று நினைத்திருந்தேன். பிறகு அஃப்தாப் போய்ப் பார்த்துச் சொன்னதும் உனக்கு வர வழியில்லை என்று புரிந்துவிட்டது. சொல்லியிருந்தால், உன்னால் வர முடியாது என்று நீ எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்திருக்கும். அதை உன்னை எழுத வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சேரா, ஒன்று சொல்கிறேன். சிரிப்பாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அப்பாடா, வெளியே வந்துவிட்டேன் என்பதுதான். வீட்டையும் கடையையும் விட்டு வேறோர் இடத்தில் நான் படுத்து எத்தனை வருஷமாகிறது! கழுத்தை அறுத்துக்கொண்டுதான் எனக்கு அது கிடைத்தது. அதை நினைத்து அழுதேன், சத்தம் வரவில்லை.

இதற்குக் கோடு போடவில்லை. இப்போதைக்கு வாசிக்கக் குரல் இல்லை.

தேவானை


மார்ச் 8
(தாளில் எழுதி, போனில் படமெடுத்து அனுப்பியது)

ஐயா சொல்லச் சொல்ல ஜோதிலட்சுமி எழுதறது. அக்கா கடைக்குப் போயிருக்காங்க. தப்பு இருந்தா மன்னிச்சிக்கோங்கண்ணா.

சேரனுக்கு அப்பா அய்யாதுரை சொல்லுகது. நான் சொகமா இருக்கேன். நீ சொகமா இல்லைன்னு தெரியும்.

அஞ்சாம் மாடி ஜன்னல பனி எப்படில மூடும்? தரையோட கெடக்க ஜன்னலத்தான மூடும்? பஸ்ஸுக்கு நின்னேன்னு எழுதுனியே, அப்பமே லேசாத் தெரிஞ்சிது. நான் துணிக் கடைக்காரன்ல. நீ பனிய மட்டும் விரிச்சு விரிச்சுக் காட்டுன. ஒன்னய மடிச்சே வச்சிட்ட. ஒங்கக்காட்ட நான் கேக்கல. அவளும் மறைக்கான்னா நான் படுத்துக் கெடக்கேன், அதான் காரணம்னு இருந்துட்டேன்.

அவளும் சூரத்துக்குப் போறேன்னு போயிட்டு கழுத்த அறுத்துட்டு வந்து நிக்கா. அப்பா தாங்க மாட்டாருன்னு ரெண்டு பேரும் நெனச்சிட்டிய. நான் தாங்கிட்டுத்தான் இருக்கேன். தாங்காம எங்க போவேன்?

எம்மவன் கனடால இருக்கான்னு சொன்னேன், வாஸ்தவம். அது பொய்யாப் போயிரும்னுதான நீ மறைச்சிருப்ப? நீ அங்க இருக்க, அதனால சொன்னேன். இங்க வந்து இருந்தா, எம்மவன் கடையில இருக்கான்னு சொல்லப் போறேன். இதுக்கா ஒரு மனுசன் மண்ணுக்குள்ள போய் இருப்பான்?

எனக்குக் கால் வராது. இந்த ரெண்டு மாடிய விட்டு எறங்க எனக்கு வழி இல்ல. ஒனக்குக் கால் நல்லாத்தான இருக்கு?

யோசிச்சுக்கோ. வான்னு நான் சொல்லல. அங்கயே இருந்தாலும் நெசத்த எழுது.

அப்பா.

இது நான் சொல்றதுண்ணா. எழுதச் சொன்னப்போ ஐயா அழுவல. இருமலும் வரல. நான் பாத்துகினுதான் இருந்தேன். — ஜோதி


வின்னிபெக்
மார்ச் 24

அன்புள்ள அப்பா,

உங்கள் மகன் சேரன் எழுதுவது. அக்காவுக்குக் குரல் வந்திருந்தால் அவள் வாசிக்கட்டும், இல்லாவிட்டால் ஜோதிலட்சுமி வாசிக்கட்டும். முழுதாக.

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. உடனே கிளம்பிவிடவில்லை. கோபம் வந்தது. இத்தனை நாள் தெரிந்துகொண்டே என் பனிக் கடிதங்களைக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே என்று. பிறகு, வேறென்ன கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

நேற்று வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். அஃப்தாப் கூட வந்தான். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றதும் வக்கீல் அம்மா, "நிச்சயமாகத்தானா? இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வந்தாலும் வரலாம்" என்றார். வந்தாலும் வரலாம் என்றுதான் ஆகஸ்டிலிருந்து இருக்கிறேன். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து அழுதேனா என்று கேட்டால், ஆமாம். ஆறு வருஷம், அப்பா. வந்து என்ன செய்வேன் என்று தெரியாது. மேட்சிங் பார்க்க எனக்கு வராது. பயமாகத்தான் இருக்கிறது.

இப்போது இங்கே பனி உருகுகிறது. யாரும் இதைப் படம் எடுத்து அனுப்புவதில்லை. கறுப்பாக, மணலும் குப்பையும் கலந்து, தெருவோரம் அழுக்குத் துணி மாதிரிக் குவிந்து கிடக்கிறது. அதற்குள்ளிருந்து ஒற்றைக் கையுறைகள், நசுங்கிய டப்பாக்கள், ஒரு சைக்கிள் எல்லாம் வெளியே வருகின்றன. என் ஜன்னலில் பாதி திறந்துவிட்டது. நடந்து போகிறவர்களின் கால்கள் தெரிகின்றன.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி டிக்கெட் கிடைத்திருக்கிறது. அக்கா, நீ எங்கேயாவது ஒரு பத்து நாள் போய்விட்டு வா. எங்கே என்று நான் கேட்க மாட்டேன்.

சேரன்


சென்னை
ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

குரல் வந்துவிட்டது, கரகரவென்று. வாசித்தேன், முழுதாக. அப்பா அழுதார், புரையேறவில்லை.

உன் தேதி தெரிந்ததிலிருந்து ஒரே பிடிவாதம், ஏர்போர்ட்டுக்கு வருவாராம். முடியாது என்று நானும் ஜோதிலட்சுமியும் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. சரி, இறக்க முடிகிறதா என்று முதலில் பார்ப்போம் என்று நேற்று கீழ்வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் இடுப்பைக் கட்டித் தூக்கினோம். படியில் நாற்காலி சாய்ந்ததும் பயந்துவிட்டார். "வேண்டாம், மேல கொண்டு போ, மேல கொண்டு போ" என்று கத்தினார். கம்பியைப் பிடித்த கையை விடவே இல்லை. முதல் மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்தோம்.

அங்கே சுவரில் கம்பி போட்ட திறப்பு ஒன்று இருக்கிறதே, அது வழியாகத் தெரு தெரியும். இளநீர் வண்டி, மந்தைவெளி பஸ், பூக்காரி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன்கள் காத்து நின்று நின்று, "தாத்தா, மேல போலாமா, கீழ போலாமா?" என்று கேட்டார்கள். அவர் கண்ணைத் தெருவிலிருந்து எடுக்கவில்லை. வெயில் முகத்தில் அடித்தது, தள்ளி உட்காரவும் இல்லை.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை எனக்கே தெளிவாகப் புரிந்தது.

"பாதி எறங்கியாச்சுல்லா. மீதிய அவன் வந்து எறக்கட்டும்."

ஏர்போர்ட்டுக்கு நான் மட்டும் வருகிறேன். பத்திரமாக வந்து சேர்.

அக்கா